செஸாரிக்கு மூன்று மருந்து எதற்கு? ஒன்று போதாதா?

கேள்வி: பிப்ரவரி 4, 2025
தோலில் வரும் டி-செல் லிம்ஃபோமா, அதாவது டி-செல் என்ற வெள்ளணுவில் வரும் புற்று, அதிலும் புற்றுச் செல் ரத்தத்திலும் சுற்றும் செஸாரி சிண்ட்ரோம். இசிபி (ரத்தத்தை வெளியே எடுத்து ஒளி காட்டித் திரும்ப ஏற்றுவது), இன்டர்ஃபெரான் ஊசி, பெக்ஸரோட்டீன் கேப்ஸ்யூல் மூன்றையும் ஒரே சீட்டில் எழுதுகிறார்கள். எதுவும் தனியாக வேலை செய்யாததால்தானே மூன்று? மூன்று அரைகுறை சேர்ந்தால் ஒரு முழுசு ஆகிவிடுமா? பேசாமல் கீமோ கொடுத்து முடிக்கலாமே?

பிப்ரவரி 4, இரவு
கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். 2015-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து 198 நோயாளிகளின் கணக்கு வந்தது. கீமோவுக்குப் பிறகு அடுத்த சிகிச்சை தேவைப்படும்வரை கிடைத்த இடைவெளியின் நடுமதிப்பு 3.9 மாதம். ஆல்ஃபா இன்டர்ஃபெரானுக்கு 8.7 மாதம். கீமோவில் தோல் சட்டென்று வெளுக்கும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், நான்காம் மாதம் நோய் திரும்பி வந்து நிற்கும். கீமோ போனபோது மிச்சமிருந்த நல்ல டி-செல்களையும் வாரிக்கொண்டு போயிருக்கும். இந்த நோயை இத்தனை நாள் கட்டிப்போட்டிருந்ததே அந்த நல்ல செல்கள்தான்.

பிப்ரவரி 5
நேற்று விட்டது. செஸாரி செல், அதாவது இந்த நோயின் புற்றுச் செல், மற்ற எதிர்ப்புச் செல்களுக்கு உத்தரவு தரும் சிடி4 வகை டி-செல். கெட்டுப்போனாலும் தன் தொழிலை மறப்பதில்லை: ஐஎல்-4, ஐஎல்-5, ஐஎல்-10 என்ற சேதிப் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கும். விளைவாக ரத்தத்தில் ஒவ்வாமையில் கூடும் ஈஸினோஃபில் வெள்ளணு ஏறும், ஐஜிஇ ஆன்டிபாடி ஏறும், புற்றை அடிக்க வேண்டிய சிடி8 செல்லும் என்கே செல்லும் சோம்பிப்போகும். உடம்பின் எதிர்ப்பு மொத்தமும் ஒவ்வாமைப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதை மறுபக்கம் இழுப்பதுதான் இந்த மருந்துக் கூட்டணியின் வேலை. ஒரே கயிற்றை மூன்று பேர் பிடித்து இழுப்பது போல இல்லை இது. ஆளுக்கொரு வேலை:

பெக்ஸரோட்டீன் சில புற்றுச் செல்களைத் தானே சாகவைக்கும். இசிபி இன்னும் சிலவற்றைச் சாகவைத்து, அந்தப் பிணங்களை, எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்லுக்குத் தின்னக் கொடுக்கும். இன்டர்ஃபெரான், தின்ற செல் சொல்கிற சேதியைக் கேட்டு சிடி8 எழுந்து வரும்படி சூழலை மாற்றும். சாவு, தீனி, அலாரம். இதில் எந்தப் படி இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் பாதியில் நிற்கும். பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் இந்த வழியில் 25 ஆண்டுகள் சிகிச்சை கொடுத்த 98 பேரின் முடிவை 2011-இல் எழுதினார்கள். எல்லோருமே உடம்பு முழுக்கச் சிவந்து உரிந்தவர்கள். நான்கில் மூன்று பேருக்கு நோய் பாதிக்கு மேல் குறைந்தது, 30 சதவீதம் பேருக்கு முழுசாகவே மறைந்தது.

பிப்ரவரி 5, மறுபடி
98 பேரையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்குக் கூட்டு, ஒரு பாதிக்குத் தனி என்று கொடுத்த ஆய்வு இல்லை அது. கொடுத்தவர்கள் தேர்ந்த கை, வந்தவர்கள் தேறி வந்தவர்கள். 75 சதவீதம் என்ற எண்ணைத் தாயத்து மாதிரி கட்டிக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 9
"இசிபி என்றால் என்னதான் செய்வார்கள்?" என்று கேட்டவருக்கு.

கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து மெஷினுக்குள் சுழற்றுவார்கள். சிவப்பணுவும் பிளாஸ்மாவும் திரும்ப உடம்புக்குப் போகும். நடுவில் நிற்கும் வெள்ளணுப் படலம், பஃபி கோட் என்பார்கள், அது மட்டும் ஒரு பையில் சேரும். ஒரு தடவைக்குச் சுமார் 1,500 மில்லி ரத்தம் இப்படிச் சுற்றும். அந்தப் பைக்குள், வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் மெத்தாக்ஸலென் திரவம் விடுவார்கள். மில்லிக்கு 20 மைக்ரோகிராம் உள்ள மருந்து. கணக்கு: பையில் உள்ள அளவை 0.017-ஆல் பெருக்க வேண்டும். 240 மில்லி என்றால் 4.1 மில்லி மருந்து. பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டுக்குள் ஓடவிட்டு யுவிஏ என்ற புறஊதா வெளிச்சம் காட்டி, திரும்ப ஏற்றிவிடுவார்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரு சுற்று. செஸாரிக்குப் பெரும்பாலும் முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, பிறகு நான்கு வாரத்துக்கு ஒன்று.

முடிந்த 24 மணி நேரம் வெயிலும் கூடாது, யுவிஏ தடுக்கும் மூக்குக் கண்ணாடி போடாமல் இருக்கவும் கூடாது. ஜன்னல் கண்ணாடி வழியாகவும் யுவிஏ வரும் என்பதால் வீட்டுக்குள்ளும் கண்ணாடிதான். கண்ணில் இயற்கை லென்ஸ் இல்லாதவர்களுக்கு இந்தச் சிகிச்சை கிடையாது.

1987-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எடெல்சன் குழு வெளியிட்டதுதான் ஆரம்பம். 37 பேரில் 27 பேருக்குப் பலன், அடுத்த ஆண்டே அமெரிக்க அனுமதி. அப்போது மருந்தைப் பையில் விடவில்லை, வாயால் விழுங்கக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறும், ஒருவருக்கு ஏறாது, எல்லோருக்கும் குமட்டும். பையில் விடும் முறை வந்தபிறகு அந்தத் தலைவலி ஒழிந்தது.

பிப்ரவரி 10
"அப்போ ரத்தத்தில் உள்ள புற்றை வெளியே எடுத்துக் கொன்றுவிடுகிறது, அவ்வளவுதானே?" இல்லை. நான் எழுதிய விதமும் அப்படித்தான் தொனிக்கிறது, தப்பு என்னுடையது. ஒரு தடவைக்கு வெளிச்சம் படுவது ரத்தத்தில் சுற்றும் லிம்ஃபோசைட்டில் (டி-செல் உள்ள வெள்ளணு வகை) பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கொல்வதுதான் பலன் என்றால் கணக்கே உதைக்கும். அதே தகட்டில் ஒட்டி உரசிப் போகும் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் டென்ட்ரிட்டிக் செல்லாக மாறத் தொடங்குகின்றன, பக்கத்திலேயே செத்துக்கொண்டிருக்கும் புற்றுச் செல்லை அவை விழுங்குகின்றன. ஒருவகையில் நோயாளியின் ரத்தத்திலேயே செய்த தடுப்பூசி. அதனால்தான் மெதுவாகவும் வேலை செய்கிறது. மூன்று மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துவது அவசரம். ஆறு மாதம் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. சிடி8 ஓரளவு மிச்சமிருப்பவருக்கும், நோய் வந்து இரண்டு வருடம் தாண்டாதவருக்கும், பெரிய நெறிகட்டி இல்லாதவருக்கும் இசிபி நன்றாகப் பிடிக்கிறது. எழுப்புவதற்கு ஆளே இல்லாத வீட்டில் அலாரம் அடித்துப் பயனில்லை.

பிப்ரவரி 16
இனி கூட்டு எங்கே உடைகிறது என்று பார்க்கலாம். பெரிய தத்துவமெல்லாம் இல்லை, முக்கால்வாசி நேரம் கொழுப்பில்தான் உடைகிறது.

பெக்ஸரோட்டீன் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பை ஏற்றும். கொஞ்சநஞ்சம் இல்லை, 150 இருந்தவருக்கு இரண்டு வாரத்தில் 800 வரலாம். ஆயிரத்தை நெருங்கினால் கணையம் வீங்கும் அபாயம். இன்டர்ஃபெரானும் தன் பங்குக்கு ஏற்றும். இது பாதிக் கதை. பிளாஸ்மா பால் மாதிரி கலங்கிவிட்டால் இசிபி மெஷினின் ஒளி உணரிக்குச் சிவப்பணு எங்கே முடிகிறது, பஃபி கோட் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அலாரம் அடிக்கும், சேகரிப்பு பாதியில் நிற்கும், அன்றைய சுற்று வீண். கூட்டணியில் ஒருவர் இன்னொருவரின் கண்ணைக் கட்டிவிடுகிறார்.

ஆகவே வரிசை இப்படி. பெக்ஸரோட்டீனுக்கு ஒரு வாரம் முன்பே கொழுப்பைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட், கூடவே தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸின் 25 முதல் 50 மைக்ரோகிராம். வெறும் வயிற்றில் லிப்பிட் பார்த்துவிட்டு, முழு அளவான சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராமில் ஆரம்பிக்காமல், 150 அல்லது அதற்கும் கீழே. 75 மில்லிகிராம் கேப்ஸ்யூல்தான் வருகிறது. அளவு நிலைக்கும்வரை வாராவாரம் ட்ரைகிளிசரைடு. 400-க்குக் கீழே வைத்திருக்க முடிந்தால்தான் ஏற்ற வேண்டும். சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய மருந்து, இசிபிக்கு முந்தைய சாப்பாடோ எண்ணெய் இல்லாமல் இருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டோடு கேப்ஸ்யூல், இசிபி அன்று காலை இட்லி, கூடவே தேங்காய்ச் சட்னியோ நெய்யோ பால் காப்பியோ இல்லாமல் என்று வைத்துக்கொண்டால் சண்டை குறையும்.

ஜெம்ஃபைப்ரோசில் எழுதிவிடவே கூடாது. ட்ரைகிளிசரைடுக்கான மருந்துதானே என்று கை போகும். அது ரத்தத்தில் பெக்ஸரோட்டீன் அளவையே ஏற்றிவிடும், கூடவே ட்ரைகிளிசரைடும் ஏறும்.

பிப்ரவரி 17
கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை அடோர்வாஸ்டாட்டின் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: சேர்க்கலாம், ஆனால் பெக்ஸரோட்டீன் கல்லீரலின் நொதியைத் தூண்டி ஸ்டாட்டின் அளவைக் குறைத்துவிடுகிறது. அதே காரணத்தால் கருத்தடை மாத்திரையையும் நம்ப முடியாது. பெக்ஸரோட்டீனோ கருவைச் சிதைக்கும் வகை. தொடங்க ஒரு மாதம் முன்னிருந்து நிறுத்தி ஒரு மாதம்வரை இரண்டு தடுப்பு முறைகள் வேண்டும், அதில் ஒன்று ஹார்மோன் இல்லாததாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 17, பின்குறிப்பு
தைராய்டை டிஎஸ்எச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், வைத்துப் பார்க்காதீர்கள். பெக்ஸரோட்டீன் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியிலேயே டிஎஸ்எச்சை அமுக்கிவிடும். சீட்டில் டிஎஸ்எச் 0.1 என்று பார்த்துவிட்டு "தைராய்டு மாத்திரை அதிகமாகிவிட்டது" என்று யாராவது குறைப்பார்கள், நோயாளி குளிரில் சுருண்டு படுத்திருப்பார். தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 மட்டும் பார்க்க வேண்டும், நார்மலின் மேல் பாதியில் இருக்க வேண்டும். இன்டர்ஃபெரான் சேர்ந்தால் இன்னும் சிக்கல்: அது தைராய்டையே தாக்கும் எதிர்ப்பைக் கிளப்பலாம். அப்போது ஏற வேண்டிய டிஎஸ்எச், பெக்ஸரோட்டீன் அமுக்கியிருப்பதால் ஏறவே ஏறாது.

பிப்ரவரி 23
இன்டர்ஃபெரான் பகுதி சுருக்கமாக. ஆரம்பத்தில், 1984 வாக்கில், சதுர மீட்டருக்கு 50 மில்லியன் யூனிட் கொடுத்தார்கள். பலன் இருந்தது, தாங்கத்தான் முடியவில்லை. இப்போது கூட்டில் 3 மில்லியன் யூனிட், வாரம் மூன்று முறை, சிலருக்கு அதற்கும் குறைவு. பழைய ஆல்ஃபா-2பி ஊசி சந்தையை விட்டுப் போய்விட்டதால் உடம்பில் நெடுநேரம் நிற்கும் பெகிலேட்டட் ஆல்ஃபா-2ஏ வாரம் ஒரு முறை என்று மாறிவிட்டார்கள். படுக்கப் போகும் நேரத்தில் ஊசி, அதற்கு முன் பாராசிட்டமால். காய்ச்சலும் உடம்புவலியும் தூக்கத்தில் கழியும். வெள்ளணு, தட்டணு, கல்லீரல் எல்லோரும் பார்ப்பார்கள். மனச்சோர்வைக் கேட்கத்தான் மறந்துவிடுவார்கள். உடம்பு முழுக்க அரிப்போடு மாதக்கணக்கில் தூங்காதவர் வாடி உட்கார்ந்திருந்தால், அது நோயா மருந்தா என்று வீட்டாருக்கும் தெரியாது. நேரடியாகக் கேட்க வேண்டும்.

மார்ச் 2
எல்லாக் கூட்டும் கூட்டல்ல. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், பிப்ரவரி 5 குறிப்பு கொஞ்சம் தேன் தடவியது மாதிரி இருக்கிறது.

பெக்ஸரோட்டீனும் ஆல்ஃபா இன்டர்ஃபெரானும் மட்டும் சேர்த்து 22 பேருக்குக் கொடுத்த ஆய்வு 2007-இல் வந்தது. பலன் 39 சதவீதம், அதாவது பெக்ஸரோட்டீன் தனியாகக் காட்டியதைவிட மேலில்லை. ஐரோப்பாவில் பூவாவோடு (மருந்து கொடுத்துத் தோலில் யுவிஏ வெளிச்சம் காட்டுவது) பெக்ஸரோட்டீன் சேர்த்துப் பார்த்தார்கள், 2012-இல் முடிவு. 93 பேர், ஆள் சேராததால் முன்பே நிறுத்தப்பட்டது. பூவா தனியாகக் கொடுத்ததற்கும் கூட்டுக்கும் உருப்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் பூவாவோடு இன்டர்ஃபெரான் சேர்த்த 1998 ஆய்வில் ஆரம்ப கட்ட நோயாளிகளில் 70 சதவீதம் பேருக்கு முழுசாக மறைந்தது. அதே ஆய்வில் இன்டர்ஃபெரானோடு அசிட்ரெட்டின் மாத்திரை சேர்த்தவர்களுக்கு 38 சதவீதம்.

என் வாசிப்பு: செல்லைச் சாகவைத்துத் தீனி போடும் ஒன்று, வெளிச்சமோ இசிபியோ, கூட்டில் இருக்கும்போது இன்டர்ஃபெரான் எடுபடுகிறது. அது இல்லாமல் மாத்திரையும் ஊசியும் மட்டும் சேர்ந்தால் பக்கவிளைவுதான் கூடுகிறது. தனித்தனி ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துச் சொல்வது இது, சத்தியம் செய்ய மாட்டேன்.

மார்ச் 3
சிரிப்புக்கு. மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று இந்தக் குடும்பத்தின் மூத்த நோய்க்குப் பெயர். பூஞ்சைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1806-இல் பாரிஸில் அலிபெர்ட் பார்த்த நோயாளியின் கட்டிகள் காளான் மாதிரி இருந்ததால் வந்த பெயர். ரிப்போர்ட்டில் 'ஃபங்' என்று பார்த்ததும் மருந்துக் கடையில் படர்தாமரைக் களிம்பு எடுத்துக் கொடுப்பார்கள். வட்டவட்டமாகச் செதில் விட்டு இருப்பதால் பார்வைக்கும் பொருந்திவிடும்.

சிரிக்க முடியாத பகுதி. மாநிறத் தோலில், அதிலும் இளவயதில், இது சிவப்பாக வராமல் வெளிறிய திட்டாக வரும். தேமல் என்பார்கள், வெண்புள்ளி என்பார்கள், உணர்ச்சி சோதிக்காமலே தொழுநோய் என்றும் சந்தேகிப்பார்கள். உடையில் மறையும் இடங்களில், இடுப்பு, பிட்டம், தொடை, மார்பு, மாதக்கணக்கில் மாறாத வெளிறிய திட்டு இருந்தால் பயாப்ஸி எடுக்க வேண்டும். இந்த வகைக்குக் கூட்டு மருந்தெல்லாம் தேவைப்படுவது அபூர்வம், குறும்பட்டை (நேரோபேண்ட்) யுவிபி என்ற புறஊதா வெளிச்சத்துக்கே பெரும்பாலும் அடங்கும்.

மார்ச் 3, தொடர்ச்சி
அதைவிட மோசம், எக்ஸிமா என்று நினைத்துச் சைக்ளோஸ்போரின் கொடுப்பது. நல்ல டி-செல்லை அமுக்கி, கெட்டதற்கு வழி திறந்துவிடும். எக்ஸிமாவுக்கான டுபிலுமேப் ஊசிக்குப் பிறகு ஒளிந்திருந்த லிம்ஃபோமா வெளிப்பட்டதாகவும் நிறையப் பதிவுகள் உண்டு. அரிப்பு முதலில் குறையும், அதனால் எல்லோரும் ஏமாறுவார்கள். பெரியவருக்குப் புதிதாக வந்த 'எக்ஸிமா' என்றால் ஊசிக்கு முன் பயாப்ஸி. ஸ்டீராய்டு களிம்பை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு எடுத்தால் விடை தெளிவாக வரும்.

மார்ச் 12
மொகாமுலிசுமேப் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. புற்றுச் செல்லின் மேலுள்ள சிசிஆர்4 என்ற குறியைப் பிடிக்கும் ஆன்டிபாடி. 372 பேர் கலந்துகொண்ட ஆய்வில், நோய் முற்றாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு 7.7 மாதம், ஒப்பிட்ட வோரினோஸ்டாட் என்ற பழைய மருந்துக்கு 3.1. 2018-இல் அமெரிக்க அனுமதி. கிலோவுக்கு 1 மில்லிகிராம், முதல் மாதம் வாராவாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ரத்தத்தைச் சுத்தம் செய்வதில் கெட்டிக்காரன், நெறிகட்டியில் அவ்வளவு இல்லை.

கூட்டில் சேர்க்கும்போது இரண்டு பொறிகள்.

முதலாவது, தடிப்பு. மருந்து தொடங்கி வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து தோல் மறுபடி சிவக்கும். நோய் முற்றிவிட்டது என்று மருந்தை நிறுத்துவார்கள். உண்மையில் அது மருந்தின் தடிப்பாக இருக்கலாம், அப்படித் தடிப்பு வந்தவர்களில் பலருக்கு மருந்து நன்றாகவே பிடித்திருக்கிறது. கண்ணால் பிரிக்க முடியாது. பயாப்ஸி எடுத்து சிடி4-சிடி8 விகிதம் பார்க்க வேண்டும், மூலக் குளோன், அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகிய புற்றுக் கூட்டம், இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதே நாள் ரத்தத்தில் ஃப்ளோ சைட்டோமெட்ரி, செல்களை வகைபிரித்து எண்ணும் சோதனை. சிடி8 நிறைந்து, குளோன் இல்லாமல், ரத்தமும் சுத்தமாக இருந்தால் தடிப்பு. ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிட்டுத் தொடரலாம்.

இரண்டாவது, சிசிஆர்4 குறி நம் ஒழுங்குபடுத்தும் டி-செல்களிலும் இருக்கிறது. அவையும் காலியாகும். அடுத்து வேறொருவரின் ஸ்டெம் செல் மாற்று என்ற திட்டம் இருந்தால், தானமாக வந்த செல்கள் உடம்பைக் கடிப்பதைத் தடுக்க ஆளில்லை. ஜப்பானிய அனுபவத்தில் கடைசி டோஸுக்கும் மாற்றுக்கும் இடையே 50 நாளுக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு அபாயம் கூடியது. மாற்று சிகிச்சைக் குழுவிடம் முதல் டோஸுக்கு முன்பே பேச வேண்டியது இதனால்தான்.

மார்ச் 13
"பிரேக்கை எடுத்துவிடும் பெம்ப்ரோலிசுமேப் சேர்த்தால் இன்னும் வேகமா?" வேகம்தான், எந்தப் பக்கம் என்பது கேள்வி. 24 பேர் ஆய்வில் 9 பேருக்குப் பலன், அதில் பலருக்கு நெடுநாள் நின்றது. ஆனால் செஸாரி நோயாளிகள் 15 பேரில் 8 பேருக்கு தோல் திடீரென்று கொதித்தது. மற்ற புற்றுகளில், டி-செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற பிரேக் காவல்காரரின் காலைப் பிடிக்கிறது. இங்கே திருடனும் டி-செல்தான், பிரேக் அவன் காலையும் பிடித்திருக்கலாம். சொந்தக்கார நோயான முதிர்ந்தோர் டி-செல் லுகேமியாவில் நிவோலுமேப் ஒரே டோஸுக்குப் பிறகு மூன்று பேருக்கு நோய் வேகமாகப் பாய்ந்ததை 2018-இல் எழுதினார்கள். கூட்டில் கடைசியாகச் சேர்க்க வேண்டிய ஆள், அதுவும் ஆய்வுக்குள்.

மார்ச் 30
கிருமி. இந்த நோயில் நிறையப் பேரை எடுத்துப்போவது லிம்ஃபோமா இல்லை, உரிந்த தோல் வழியாக நுழையும் ஸ்டஃபைலோகாக்கஸ். அந்தக் கிருமியின் நச்சு கெட்ட டி-செல்லையே தூண்டிவிடுகிறது. டென்மார்க்கில் முற்றிய நிலையில் இருந்த 8 பேருக்குச் சில நாள் கனமான ஆன்டிபயாடிக் கொடுத்தபோது, கிருமி மட்டுமல்ல, புற்றுச் செல்லின் தூண்டுதலும் தணிந்ததை 2019-இல் காட்டினார்கள். ஆகவே "கூட்டு பிடிக்கவில்லை" என்று நான்காவது மருந்து தேடுமுன் மூக்கிலும் தோலிலும் கல்ச்சர்.

வீட்டில்: 20 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 5-6 சதவீத ப்ளீச் திரவம் 15 மில்லி, ஒரு மேசைக்கரண்டி. பத்து நிமிடம் துணியால் ஒற்றி, நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் காயும் முன் வாஸ்லின். வாரம் இரண்டு முறை. கையால் அள்ளிப் போடும் ப்ளீச்சிங் பவுடர் இதற்கு ஆகாது, அளவு பிடிபடாது. முகத்துக்கு வேண்டாம்.

இதே காரணத்துக்காக இசிபிக்கு நிரந்தரக் குழாய் வைக்கத் தயங்குவார்கள். கை நரம்பு கிடைக்கும்வரை கை நரம்பு. முந்தின நாளே தண்ணீர் நிறையக் குடித்து, வந்ததும் கையை வெந்நீர்ப் பையால் சூடு காட்டினால் பாதிப் பேருக்கு ஊசி சுலபமாக ஏறும்.

ஏப்ரல் 6
அளப்பது எப்படி என்று கேட்டவர் சரியான இடத்தில் கேட்டார். தோலுக்கு எம்-ஸ்வாட்: உடம்புப் பரப்பில் எத்தனை சதவீதம் என்று பார்த்து, மெல்லிய திட்டுக்கு ஒன்றால், தடித்ததற்கு இரண்டால், கட்டிக்கு நான்கால் பெருக்கிக் கூட்டுவது. ரத்தத்துக்கு சிடி4 இருந்து சிடி26 இல்லாத செல்லின் எண்ணிக்கை. மைக்ரோலிட்டருக்கு 1,000-க்கு மேல், தோலில் உள்ள அதே குளோன் என்றால் முழு செஸாரி நிலை. நெறிகட்டிக்கு ஸ்கேன். மூன்றையும் தொடங்கும் முன்பே எழுதி வைக்காவிட்டால், ஆறாவது மாதம் "கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கு" என்ற வாக்கியம்தான் மிஞ்சும்.

இரண்டு மூன்று கட்டிகள் மட்டும் பிடிவாதமாக நின்றால் மொத்தக் கூட்டையும் மாற்ற வேண்டாம். அந்த இடத்துக்கு 4 கிரே (கதிர்வீச்சின் அளவு) வீதம் இரண்டு தடவை கதிர்வீச்சு போதும். தோல் முழுவதும் தடித்திருந்தால் உடம்பு முழுக்க எலக்ட்ரான் கதிர் 12 கிரே கொடுத்து பாரத்தைக் குறைத்துவிட்டு, நோய் எதிர்ப்புக் கூட்டைத் தொடரலாம்.

ஏப்ரல் 20
நல்லபடியாகக் குறைந்துவிட்டால் எதை முதலில் நிறுத்துவது? ஒரே நாளில் மூன்றையும் நிறுத்துவதுதான் தப்பு, அதற்கடுத்த தப்பு இரண்டை. தொந்தரவு அதிகம் தருவதை முதலில் இறக்குங்கள், பெரும்பாலும் அது இன்டர்ஃபெரான். மூன்று மாதம் தோலும் ரத்தமும் அசையாமல் இருந்தால் பெக்ஸரோட்டீன் கேப்ஸ்யூலை ஒவ்வொன்றாக. இசிபியைக் கடைசியில், நான்கு வாரம் ஆறாகி, எட்டாகி. பெக்ஸரோட்டீன் முழுசாக நின்றதும் ஃபெனோஃபைப்ரேட்டையும் தைராய்டு மாத்திரையையும் நிறுத்த மறக்கக் கூடாது. டிஎஸ்எச் சில வாரங்களில் தானே எழும்.

ஏப்ரல் 21
தனிச்செய்தியில் கேட்ட பெக்ஸரோட்டீன் கணக்கு இங்கேயே: உடல் பரப்பு 1.7 சதுர மீட்டர் என்றால் முழு அளவு நாளைக்கு 7 கேப்ஸ்யூல், 525 மில்லிகிராம். ஆரம்ப அளவு 3. ஏழைப் பார்த்துவிட்டு ஏழில் ஆரம்பிக்க வேண்டாம், பிப்ரவரி 16 குறிப்பை முதலில் படியுங்கள்.